போறணை இல்லாத வீட்டில் போலு



இம்மாதம் நம் பகுதிக்கு வந்த கடிதங்களில் ஒன்று இரணைமடுவிலிருந்து வந்தது. எழுதியவர் தம் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், போடவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவருடைய பெற்றோர் புத்தளம் போய்ச் சேர்ந்தார்கள். அவர் வளர்ந்தது, மணமுடித்தது எல்லாம் அங்கேதான். போர் முடிந்த பிறகு கணவரின் சிறு வியாபாரத்தை ஒட்டிக் கிளிநொச்சிப் பக்கம் வந்து, இப்போது இரணைமடுக் குளத்துக்கு அருகே குடியிருக்கிறார்கள். இடையில் நான்கு வருடம் அவர் சவூதியில் ஒரு வீட்டில் வேலை செய்தார். அதே வீட்டில் இந்தோனேசியாவிலிருந்து வந்த ஒரு பெண்ணும் வேலை செய்தார். அந்தப் பெண் கற்றுக்கொடுத்த பலகாரம்தான் 'போலு'. பஞ்சு போல மெத்தென்று உப்பி வரும் கேக் அது.

"அங்கே மின்சாரத்தில் முட்டை அடிக்கும் இயந்திரம் இருந்தது, பெரிய போறணை இருந்தது. எஸ்.பி. என்று ஒரு பசையும் சேர்ப்போம். இங்கே அவை ஒன்றும் இல்லை. மூன்று முறை செய்து பார்த்தேன். மூன்று முறையும் நடுப்பகுதி அமுங்கிப் போயிற்று. பதினைந்து முட்டை வீண். நோன்பு மாதத்தில் செய்து விற்றால் பிள்ளைகளின் பெருநாள் உடுப்புக்கு ஆகும் என்று எண்ணியிருந்தேன். முயற்சி செய்யட்டுமா, விட்டுவிடட்டுமா?" என்று கேட்கிறார்.

பதினைந்து முட்டை என்பது வசதியுள்ளவர்களுக்குச் சின்ன விஷயமாகத் தோன்றலாம். 2022இல் இலங்கையில் வந்த பொருளாதார நெருக்கடியைப் பார்த்தவர்களுக்கு அதன் கனம் தெரியும். சமையல் வாயுவுக்கு வரிசை, கோதுமை மாவுக்கு விலையேற்றம், முட்டைக்குத் தட்டுப்பாடு என்று அடுத்தடுத்து வந்தன. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலைகூட வந்தது. எனவே 'இன்னொரு தடவை செய்து பாருங்கள்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ஏன் அமுங்கியது, எப்படிச் செய்தால் அமுங்காது என்று விளங்கிய பிறகே அடுத்த முட்டையை உடைக்க வேண்டும்.

சகோதரிக்கு முதலில் ஒரு வார்த்தை: விட்டுவிடாதீர்கள். போலு பிறந்த காலத்தில் மின்சாரமும் கிடையாது, பசையும் கிடையாது. உங்கள் குசினியில் இன்று என்ன இருக்கிறதோ, அதை வைத்துத்தான் அந்தக் காலத்துப் பெண்களும் அதைச் செய்தார்கள்.

பெயரில் ஒரு பயணம்

'போலு' என்பது இந்தோனேசியச் சொல்லாக வழங்கினாலும் அதன் வேர் போர்த்துக்கீச மொழியில் இருக்கிறது. அந்த மொழியில் கேக்கை 'போலோ' என்பார்கள். போர்த்துக்கீசர் 1505இல் இலங்கைக்கு வந்தார்கள். 1511இல் மலாக்காவைப் பிடித்தார்கள். அங்கிருந்து கிராம்பும் சாதிக்காயும் விளையும் மலுக்குத் தீவுகளுக்குப் போனார்கள். போன இடமெல்லாம் முட்டையையும் சீனியையும் அடித்துச் செய்யும் கேக்கும் கூடவே போயிற்று. யப்பானில் அது 'கஸ்தெரா' ஆயிற்று. இந்தோனேசியத் தீவுகளில் 'போலு' ஆயிற்று. இலங்கையில் பறங்கியர் வீடுகளில் 'போலோ பியாடோ' என்று முந்திரிப்பருப்பு வைத்து அடுக்கடுக்காகச் செய்வதும் அதே பெயரைத் தாங்கியதுதான்.

நாம் அன்றாடம் பேசும் தமிழிலும் அந்தப் பயணத்தின் தடம் இருக்கிறது. பாண், போறணை, குசினி, மேசை, அலுமாரி, விசுக்கோத்து எல்லாம் போர்த்துக்கீச மொழியிலிருந்து நம்மிடம் தங்கிவிட்ட சொற்கள். இந்தோனேசியரும் மேசையை 'மேஜா' என்பார்கள், அலுமாரியை 'லெமாரி' என்பார்கள். அவர்கள் வெண்ணெய்க்குச் சொல்லும் 'மெந்தெகா', கோதுமை மாவுக்குச் சொல்லும் 'தெரிகு' இரண்டும் அதே வழியில் வந்தவை. அதற்கும் முன்பே தமிழிலிருந்து மலாய் மொழிக்குப் போன சொற்களும் உண்டு. நம் கப்பல் அங்கே 'கப்பால்', கடை 'கெடாய்', பெட்டி 'பெத்தி', அப்பம் 'அப்பாம்'. சவூதியில் ஒரே குசினியில் நின்ற இரண்டு பெண்களும், ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாதபோதும், சில பொருள்களை ஏறக்குறைய ஒரே பெயரால் அழைத்திருப்பார்கள்!

இரணைமடுவிலிருந்து வடக்கே ஆனையிறவைத் தாண்டினால் சாவகச்சேரி. 'சாவகம்' என்பது சாவாவையும் மலாய்த் தீவுகளையும் குறித்த பழந்தமிழ்ப் பெயர். 1247இல் மலாய்த் தீபகற்பத்துத் தாம்பிரலிங்கத்திலிருந்து சந்திரபானு என்ற அரசன் படையுடன் இலங்கைக்கு வந்தான். சாவகர் குடியிருந்த இடமே சாவகச்சேரி என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். ஆகவே அந்தத் தீவுகளின் பலகாரம் வன்னிக்கு முற்றிலும் அந்நியமானது என்று நினைக்க வேண்டாம்.

ஒரு போலுவா, பல போலுவா?

இந்தோனேசியாவில் ஊருக்கு ஊர் போலு மாறும். சாவாவில் கிண்ணங்களில் ஊற்றி ஆவியில் அவிப்பதை 'போலு குக்குஸ்' என்பார்கள். 'குக்குஸ்' என்றால் ஆவியில் அவிப்பது. நன்றாக வந்தால் அதன் தலை பூப்போல மூன்று நான்காகப் பிளந்து மலரும். பிளக்காவிட்டால் அவர்களுக்கு மனம் ஆறாது! சுமாத்திராவில் ரியாவ் பகுதியில் 'போலு கெமோஜோ' செய்வார்கள். தேங்காய்ப்பாலும் ரம்பைச் சாறும் சேர்ந்த கெட்டியான பச்சை நிறக் கேக் அது. அதன் அச்சு ஈழத்தலரிப் பூவின் வடிவத்தில் இருக்கும். இன்னொரு வகை மெல்லிதாகச் சுட்டுப் பாய் போலச் சுருட்டுவது.

நம் சகோதரிக்கு நான் சொல்ல விரும்புவது தெற்குச் சுலவேசியில், மக்காஸர் நகரத்தைச் சுற்றி வாழும் பூகிஸ் முஸ்லிம்கள் செய்வது. பெயர் 'போலு பெச்சா'. அதற்குக் கோதுமை மா அவசியமில்லை. அரிசி மாதான் முக்கியம். வெந்த கேக்கைத் துண்டுகளாக வெட்டிப் பனைவெல்லப் பாகில் ஊறவைப்பார்கள். கல்யாணத்திலும் விருந்திலும் நோன்பு திறக்கும் நேரத்திலும் அதற்குத் தனி இடம் உண்டு.

மக்காஸர் என்றதும் நம்மில் சிலருக்கு ஒரு பெரியவரின் பெயர் நினைவுக்கு வரும். ஷெய்கு யூசுப் மக்காஸரி அவர்கள் அந்த மண்ணில் பிறந்தவர். ஒல்லாந்தரை எதிர்த்து நின்றதற்காக 1684இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார். இங்கே இருந்த காலத்தில் அரபு மொழியில் நூல்கள் எழுதினார். ஹஜ்ஜுக்குப் போய்த் திரும்பும் வழியில் இலங்கையில் தங்கிய தம் நாட்டவர் மூலம் ஊருடன் தொடர்பும் வைத்திருந்தார். அதற்கு அஞ்சிய ஒல்லாந்தர் அவரை இன்னும் தொலைவாகத் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பினார்கள். 1694இல் அங்கே போய்ச் சேர்ந்து 1699இல் வஃபாத்தானார். இந்தோனேசியா 1995இல் அவரைத் தேசிய வீரராக அறிவித்தது. ஒல்லாந்தர் அப்படிக் கொண்டுவந்த அரச குடும்பத்தினரும் படைவீரரும் வேலையாட்களும்தான் இன்றைய இலங்கை மலாய் மக்களின் முன்னோர். நம் பெருநாள் வீடுகளில் மணக்கும் வட்டிலப்பமும் அவர்கள் வழி வந்ததென்றே சொல்லப்படுகிறது.

வட்டிலப்பமும் போலுவும்

வட்டிலப்பம் செய்யத் தெரிந்தவர்களுக்குப் போலுவின் இரகசியத்தைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். இரண்டிலும் முட்டைதான் தலைமை. இரண்டையும் ஆவியில் அவிக்கலாம். வட்டிலப்பத்தில் முட்டையைக் கலக்குகிறோம். நுரை வந்தால் வடிகட்டி நீக்குகிறோம். போலுவில் முட்டையை அடிக்கிறோம். நுரைதான் அங்கே மூலதனம். வட்டிலப்பம் கட்டியாகவும் வழுவழுப்பாகவும் இருப்பதற்கும், போலு பஞ்சாக இருப்பதற்கும் இந்த ஒரு வித்தியாசமே காரணம்.

முட்டையை அடிக்கும்போது என்ன நடக்கிறது? முட்டையில் உள்ள புரதம் நூல்கண்டு போலச் சுருண்டிருக்கும். கம்பியால் அடிக்க அடிக்க அந்தக் கண்டு அவிழ்ந்து, உள்ளே புகும் காற்றைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். இப்படி ஆயிரக்கணக்கான சின்னக் குமிழிகள் உண்டாகின்றன. சீனி கரைந்து குமிழியின் சுவரைத் தடிப்பாக்கும். அடுப்பில் வைத்ததும் காற்று விரியும், ஈரம் ஆவியாகிக் குமிழியைத் தள்ளும், கேக் உயரும். பிறகு சூட்டில் புரதம் இறுகும். இறுகியபின் கேக் விழாது. இறுகுமுன் குமிழி உடைந்தால் நடுப்பகுதி அமுங்கும். அவ்வளவுதான் விஷயம்.

பேக்கிங் பவுடர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்த பொருள். அதற்கு 300 வருடத்துக்கு முன்பே போர்த்துக்கீசக் கப்பல்கள் மலாக்காவில் நின்றன. அந்தக் காலத்துக் கேக்கை எழுப்பியது முட்டைக்குள் அடைத்த காற்றும் அடித்த கையும் மட்டுமே.

அந்தப் பசை என்ன?

சகோதரி எழுதியிருக்கும் எஸ்.பி., அதைப் போல டி.பி.எம்., ஓவலெட் எனப்படுபவை எல்லாம் இன்றைய இந்தோனேசியக் குசினிகளில் பரவலாகப் புழங்கும் பசைகள். முட்டை சீக்கிரம் நுரைக்கவும், நுரை உடையாமல் நிற்கவும் உதவும். இயந்திரமும் பசையும் சேர்ந்தால் பத்து நிமிடத்தில் வேலை முடியும். அதனால்தான் அது பிரபலம்.

ஆனால் முஸ்லிம் வீட்டில் இன்னொரு கேள்வியும் உண்டு. இந்தப் பசைகள் கொழுப்பிலிருந்து தயாராகும் பொருள்களைக் கொண்டவை. பொதிகளில் ஈ 471 என்று எழுதியிருப்பது இந்த இனத்தைச் சேர்ந்தது. அந்தக் கொழுப்பு பாம் எண்ணெய் போன்ற தாவரத்திலிருந்தும் வரலாம், விலங்கிலிருந்தும் வரலாம். எண்ணை மட்டும் பார்த்து எது என்று கண்டுபிடிக்க முடியாது. இந்தோனேசியாவில் 1989இல் உலமா சபையின் கீழ் இதற்கென ஆய்வு நிலையம் அமைந்தது. 2014இல் ஹலால் உறுதிப்பாட்டுச் சட்டமும் வந்தது. ஆகவே நம்பத்தக்க ஹலால் முத்திரை உள்ள டப்பா கிடைத்தால் கவலை இல்லை. முத்திரை இல்லாமல், எழுத்தும் விளங்காமல், யாரோ பயணப்பெட்டியில் கொண்டுவந்து கொடுத்தது என்றால் அதை ஒதுக்கிவைத்துவிட்டு ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்று. கேக்குக்கு முட்டையோ வெண்ணெயோ பூசும் தூரிகை வாங்கும்போது பிடியில் 'பிரிசில்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அது பெரும்பாலும் பன்றி மயிரைக் குறிக்கும் சொல். நைலோன் அல்லது சிலிக்கோன் தூரிகை வாங்கலாம். எதுவும் கிடைக்காவிட்டால் சுத்தமான துணித்துண்டு போதும். ரம்பை இலையின் நுனியைத் தட்டியும் பூசலாம்.

நம் போலுவுக்குப் பசையே தேவையில்லை என்பதால் இந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லை.

செய்முறை

தேவையானவை: உடைத்த முட்டை 250 கிராம் (பண்ணை முட்டை என்றால் 5, ஊர்க்கோழி முட்டை சிறியது, 6 வேண்டும்), சீனி 60 கிராம், வறுத்து அரித்த பச்சையரிசி மா 100 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய் 3. பாகுக்குப் பனங்கட்டி 300 கிராம், தண்ணீர் 300 மில்லிலீற்றர், ரம்பை இலை ஒரு துண்டு.

அரிசி மாவைப் பற்றி இரணைமடுவில் உள்ளவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கனகராயன் ஆற்றை மறித்து, 1902இல் தொடங்கி 1920இல் கட்டி முடித்த குளம் அது. காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் கிளிநொச்சி வயல்கள் அதன் நீரை நம்பியிருக்கின்றன. கோதுமை மா கப்பலில் வர வேண்டும்; அரிசி உங்கள் வாசலில் விளைகிறது. பச்சையரிசியை ஊறவைத்து இடித்தோ அரைத்தோ, நிறம் மாறாமல் ஈரம் போகுமட்டும் வறுத்து, நன்றாக ஆறவிடுங்கள். பிறகு மெல்லிய அரிதட்டில் இரண்டு முறை அரியுங்கள். புட்டு மா போலக் கரகரப்பாக இருந்தால் நுரையைக் கிழித்துக்கொண்டு அடியில் போய்த் தங்கிவிடும். இடியப்ப மாவிலும் மென்மையாக இருக்க வேண்டும்.

முதலில் இடியப்பம் அவிக்கும் பானையில் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். மூடியின் உட்புறம் ஒரு துணியைக் கட்டி, அதன் முனைகளை மேலே முடிந்துவிடுங்கள். ஆவி நீராகி மாவில் சொட்டாமல் இருக்க இதுவே வழி. ஏழு அங்குல அகலமுள்ள தகரத்தின் அடியில் எண்ணெய்த்தாளோ, வாட்டிய வாழையிலையோ விரியுங்கள். மாக்கலவை தயாரான பிறகு தண்ணீர் கொதிக்கட்டும் என்று காத்திருந்தால் நுரை இறங்கிவிடும்.

முட்டைகளை ஒவ்வொன்றாகச் சிறு கோப்பையில் உடைத்துப் பார்த்துப் பெரிய சட்டியில் சேருங்கள். சட்டியிலும் கம்பியிலும் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. தேசிக்காய்த் துண்டால் துடைத்து உலர்த்துவது நல்லது. சீனியும் உப்பும் சேர்த்து, கைபொறுக்கும் வெந்நீர் உள்ள இன்னொரு பாத்திரத்தின் மேல் சட்டியை வைத்துக் கலக்குங்கள். முட்டை இளஞ்சூடாகிச் சீனி கரைந்ததும் இறக்கி, பிஸ்மில்லாஹ் சொல்லி அடிக்கத் தொடங்குங்கள்.

கையால் அடித்தால் இருபது முதல் இருபத்தைந்து நிமிடம் ஆகும். தனியாக அடித்தால் தோள் நோகும். மூத்த பிள்ளையோ, மாமியாரோ, ஏன், கணவரோ முறைவைத்து அடிக்கலாம்! நிறம் வெளுத்து, அளவு மூன்று மடங்காகி, பாற்கஞ்சி போலத் தடித்து வரும். அப்போது கம்பியைத் தூக்கி, வழியும் கலவையால் மேலே ஒரு கோடு போடுங்கள். பத்து எண்ணும் வரை அந்தக் கோடு அழியாமல் நின்றால் போதும். உடனே அழிந்தால் இன்னும் அடிக்க வேண்டும். இந்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள். கடிகாரத்தைக் காட்டிலும் கோட்டை நம்புங்கள்.

இப்போது மாவை மூன்று பங்காக மேலே தூவி, அகப்பையால் அடியிலிருந்து மேலே புரட்டிப் புரட்டிச் சேருங்கள். இங்கே அடிக்கவே கூடாது. வெள்ளைத் திட்டுகள் மறைந்ததும் நிறுத்துங்கள். பொடித்த ஏலக்காயை மாவுடன் முன்பே கலந்துவிடலாம். தகரத்தில் மூன்றில் இரண்டு பங்கு உயரத்துக்கு ஊற்றி, உடனே பானையில் வைத்து மூடுங்கள். நடுத்தரத் தீயில் இருபது முதல் இருபத்தைந்து நிமிடம். முதல் பதினைந்து நிமிடம் மூடியைத் திறக்கவே கூடாது. பிறகு நடுவில் ஈர்க்குக் குத்திப் பார்த்தால் ஈரமில்லாமல் வர வேண்டும்.

ஆவிக்குப் பதிலாகச் சுட விரும்பினால் போறணை இல்லாமலும் முடியும். கனத்த சட்டியின் அடியில் மணல் பரப்பி, சூடேற்றி, அதற்குள் தகரத்தை வைத்துத் தகர மூடியால் மூடுங்கள். அடியில் குறைந்த தணல், மூடியின் மேல் அதைவிடக் கொஞ்சம் கூடுதலான சிரட்டைத் தணல். இந்தோனேசியாவிலும் பழைய பித்தளை அச்சுகளுக்கு மேலும் கீழும் நெருப்பு வைத்தே போலு சுட்டார்கள். நிறமும் மணமும் இதில் கூடுதல். ஆனால் தணலின் அளவு பிடிபடச் சில நாள் ஆகும். முதலில் ஆவியில் கைதேறிய பிறகு இதற்கு வாருங்கள்.

பனங்கட்டியைத் தட்டித் தண்ணீரில் ரம்பையுடன் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, மண் போகத் துணியில் வடியுங்கள். கேக் முற்றாக ஆறியபின் துண்டுகளாக வெட்டுங்கள். இளஞ்சூடான பாகில் இருபுறமும் ஊறவிட்டு எடுத்துத் தட்டில் அடுக்குங்கள். போலுவின் முட்டை மணம் பனங்கட்டியில் அடங்கிவிடும்.

அமுங்கியது ஏன்?

கடிதத்தில் உள்ளதை வைத்துப் பார்த்தால் காரணம் இவற்றில் ஒன்றாகவோ இரண்டாகவோதான் இருக்க வேண்டும்.

1. போதிய அளவு அடிக்காமல் விட்டது. இயந்திரத்தில் பத்து நிமிடம் அடித்துப் பழகியவர்கள் கையாலும் பத்து நிமிடத்தில் நிறுத்திவிடுவது சகஜம்.

2. மா சேர்த்தபின் அடித்தது. பசை சேர்ந்த கலவை அதைத் தாங்கும். வெறும் முட்டை நுரை தாங்காது.

3. குளிர்ந்த முட்டை. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த உடனே அடித்தால் நுரை மெதுவாகவே வரும்.

4. எண்ணெயோ உருக்கிய வெண்ணெயோ சேர்த்தது. கொழுப்பு நுரையைக் கொல்லும். இந்த அளவில் கொழுப்பே வேண்டாம்.

5. வேகுமுன் மூடியைத் திறந்தது. பாதி இறுகிய கேக்கின் மேல் குளிர்காற்றுப் பட்டால் குமிழிகள் சுருங்கிவிடும்.

6. வெந்தபின் ஒரு விரல் அளவு இறங்குவது இயல்பு. அதைத் தோல்வி என்று எண்ணிவிடாதீர்கள். நடுவில் குழி விழுந்து, வெட்டினால் அடியில் களி போல ஒரு படை இருந்தால்தான் பிழை.

அந்தக் களிப்படை இருந்தாலும் வீசிவிட வேண்டாம். நன்றாக வெந்த பகுதியை வெட்டிப் பாகில் ஊறவைத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அடுத்த முறைக்கு அரை அளவு செய்து பாருங்கள். மூன்று ஊர்க்கோழி முட்டை போதும்.

விற்பதற்கு முன்

கை படிந்த பிறகே விற்பனையை நினைக்க வேண்டும். தொடர்ந்து மூன்று முறை அமுங்காமல் வந்தால், அப்போது தொடங்குங்கள்.

முதலில் ஒரு கொப்பியில் கணக்கு எழுதுங்கள். முட்டை, சீனி, பனங்கட்டி, அரிசி, விறகு அல்லது வாயு, பொதி செய்யும் பெட்டி என்று ஒவ்வொன்றின் விலையையும் அந்த வாரத்து விலையில் போடுங்கள். உங்கள் வீட்டுக் கோழி இட்ட முட்டைக்கும் கடை விலையைப் போடுங்கள். அதை விற்றிருந்தால் காசு வந்திருக்கும் அல்லவா? உங்கள் உழைப்புக்கும் மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை வையுங்கள். பெண்கள் வீட்டில் செய்யும் வேலைக்கு விலை போடாமல் விட்டுவிடுவதால்தான் பல சிறு தொழில்களில் இலாபம் இருப்பது போலத் தோன்றிக் கடைசியில் கை வெறுமையாகிறது. எல்லாவற்றையும் கூட்டித் துண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு துண்டின் அடக்கவிலை தெரியும். அதற்குக் கீழே விற்கச் சொல்லி யார் கேட்டாலும் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள்.

முன்கூட்டிச் சொல்பவர்களுக்கு மட்டும் செய்யுங்கள். பாகில் ஊறிய போலு வன்னியின் வெயிலில் அன்றைக்கே தீர வேண்டிய பொருள். ஊறாத கேக்கை மூடிவைத்து மறுநாளும் வைத்திருக்கலாம். எனவே கேக்கைக் காலையில் அவித்து, அஸருக்குப் பின் பாகில் ஊறவைத்து, நோன்பு திறக்குமுன் கொடுத்துவிடுங்கள். முட்டை கலந்த உணவு என்பதால் சுத்தம் மிக முக்கியம். அழுக்கு ஒட்டிய முட்டையை உடைக்குமுன் துடையுங்கள். உடைத்தபின் கையைக் கழுவுங்கள். வீட்டிலிருந்து உணவு விற்பதற்கு என்ன நடைமுறை என்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொரு யோசனை. கிளிநொச்சியில் கேக் விற்பவர்கள் பலர் இருக்கலாம். எல்லோரும் வெண்ணெய்க் கேக், ஐசிங் கேக் என்று செய்வார்கள். அரிசி மாவும் பனங்கட்டியும் சேர்ந்த போலு அவர்களிடம் இருக்காது. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள்கூட இதைச் சாப்பிடலாம். ஆனால் அவர்களுக்காகச் செய்யும்போது கோதுமை பட்ட அரிதட்டையும் அகப்பையையும் பாவிக்க வேண்டாம். பனங்கட்டி வடக்கின் பொருள் என்பதால் அயலவரான தமிழ்ச் சகோதரிகளுக்கும் அந்தச் சுவை பழக்கமானது. பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் அவர்களிடமிருந்தும் அழைப்பு வரலாம். ஒரு தட்டுப் பலகாரம் வேலியைத் தாண்டிப் போய், வெறும் தட்டாகத் திரும்பாமல் வருவது நம் ஊர்களின் பழைய வழக்கம்தானே!

மற்றச் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வெளிநாட்டு வீடுகளில் வேலை செய்து திரும்பிய பெண்கள் நம் ஊர்களில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் கொண்டுவந்த காசை மட்டுமே நாம் விசாரிக்கிறோம். அவர்கள் கற்றுக்கொண்டு வந்ததை யாரும் கேட்பதில்லை. பிலிப்பைன்ஸ் பெண்ணிடம் கற்றது, எத்தியோப்பியப் பெண்ணிடம் கற்றது, வீட்டெஜமானியிடம் கற்றது என்று எத்தனையோ கைப்பாடங்கள் அவர்களிடம் இருக்கின்றன. உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் ஒருநாள் அவரை உட்காரவைத்துக் கேளுங்கள். உங்களிடமே இருந்தால் நம் பகுதிக்கு எழுதுங்கள். அளவுகளைக் கிராமிலோ கோப்பையிலோ தெளிவாகக் குறிப்பிட்டால் போதும். எழுத்தை நாங்கள் சீர்படுத்திக்கொள்கிறோம்.

போலு செய்து பார்ப்பவர்கள், கம்பியைத் தூக்கிப் போட்ட கோடு எத்தனை எண்ணும் வரை நின்றது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். பத்துக்குக் குறைவாக எழுதுபவர்களுக்கு என் பதில் இப்போதே தயார்: இன்னும் ஐந்து நிமிடம் அடியுங்கள்!